‘ஷே’ (chez) என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குள் வீடு இருக்கிறதா?

ஜனவரி 11: கேள்வி

பிரெஞ்சில் ‘ஷே முவா’ என்றால் என் வீட்டில். ‘ஷே லு குவாஃபர்’ என்றால் முடிதிருத்துபவரிடம். அங்கே வீடு எதுவும் இல்லை. ‘ஷே மொலியேர்’ என்றால் மொலியேரின் நாடகங்களில். ‘ஷே லெ ஷா’ என்றால் பூனை இனத்தில். இதெல்லாம் ஒரே சொல்லா, எழுத்து மட்டும் ஒன்றாக அமைந்த வெவ்வேறு சொற்களா? ‘வீட்டில்’ என்று மனப்பாடம் செய்யவைப்பதே வீண், தமிழின் ‘இடம்’ உருபைச் சொல்லிக்கொடுத்தால் வேலை முடிந்தது என்பது என் கட்சி.

ஜனவரி 11, இரவு: பதில்

ஒரே சொல்தான். லத்தீனில் ‘காசா’ என்றால் குடிசை. ‘இன் காசா’, அதாவது குடிசையில், என்பது பேச்சில் தேய்ந்து ‘ஷே’ ஆனது. நீங்கள் கேட்ட நான்கு பொருளும் அந்த ஒரு வேரிலிருந்து கிளைத்தவை.

‘இடம்’ பாதிதான் சரி. ‘அவனிடம் போ’ என்பதற்கு ஷே பொருந்தும், ‘அவனிடம் கேள்’ என்பதற்குப் பொருந்தாது. இதைத் தனியாக எழுதுகிறேன், விஷயம் பெரிது. வீட்டை விட்டுவிட்டால் இந்தச் சொல்லின் இலக்கணம் பாதி புரியாமல் போகும் என்பதுதான் என் பக்கம்.

ஜனவரி 12

‘காசா எப்படி ஷே ஆகும், ஓர் ஒலிகூட ஒத்துவரவில்லையே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

முதலில் சொல்லின் தொடக்கம். லத்தீனில் ‘கா’ என்று தொடங்கிய சொற்கள் பாரிசை ஒட்டிய பிரெஞ்சில் ஒழுங்காக மாறின. பாடு என்ற ‘காந்தாரே’ இன்று ‘ஷான்தே’. குதிரை என்ற ‘கபால்லுஸ்’ இன்று ‘ஷவால்’. தலை என்ற ‘காபுத்’ இன்று ‘ஷெஃப்’. நடுவில் இந்த ஒலி தமிழின் ‘ச்ச’ போல இருந்தது. ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் ‘ஷ’வாக இளகியது.

அடுத்து உயிர். அழுத்தம் பெற்ற ‘ஆ’ இந்தச் சகரத்தை அடுத்து வந்தபோது ‘இயெ’ என்று பிளந்தது. அதனால் பழைய பிரெஞ்சில் நம் சொல் ‘சியெஸ்’. பிறகு அந்த ‘இ’ சகரத்துக்குள் கரைந்துபோக, ‘ஷே’ நின்றது.

இதற்குச் சாட்சி நம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆங்கிலம் ‘காபுத்’தின் பிரெஞ்சு வடிவத்தை இருமுறை கடன் வாங்கியது. நடுக்காலத்தில் வாங்கியது ‘சீஃப்’: பழைய சகரமும் பழைய ‘இயெ’யின் தடமும் அதில் அப்படியே இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் வாங்கியது ‘ஷெஃப்’: சகரம் ஷகரமாகி, ‘இ’யும் போய்விட்டது. சீஃப் மினிஸ்டருக்கும் ஹோட்டல் ஷெஃப்புக்கும் இடையே உள்ள தூரம்தான் ‘சியெஸ்’ஸுக்கும் ‘ஷே’வுக்கும் உள்ள தூரம்.

கடைசி ‘ஆ’ எங்கே போனது? இதுதான் ஒழுங்குக்குப் புறம்பான படி. பெயர்ச்சொல்லாகத் தனித்து நின்றிருந்தால் ஈற்றில் ஒரு மெல்லிய உயிர் மிஞ்சி ‘சியெஸ’ என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் இது எப்போதும் அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டே சொல்லப்பட்டது: ‘இன்னார்வீட்ல’ என்று ஒரே மூச்சில் வருவது. ஒட்டிவரும் சொல்லின் ஈறு சீக்கிரம் தேயும். நம் பேச்சில் ‘இடத்தில்’ என்பது ‘இடத்துல’ ஆவதும் இப்படி ஒட்டிவருவதால்தான்.

எழுத்தில் கடைசியில் நிற்கும், சொல்லாமல் விடப்படும் ‘z’ என்ற எழுத்தை வைத்துக் குழம்ப வேண்டாம். மூக்கு என்ற ‘நே’யும் இதே கதை: லத்தீன் ‘நாசுஸ்’, பழைய பிரெஞ்சில் ‘நெஸ்’. ஈற்று ஸகரம் வாயிலிருந்து போன பிறகு, முன்னால் இருப்பது மூடிய ‘ஏ’ என்று காட்ட அந்த எழுத்தைப் போட்டார்கள்.

ஜனவரி 12, பின்னும் ஒன்று

வீட்டுக்குப் பிரெஞ்சில் இன்று ‘மெஸோன்’ என்கிறார்களே, காசா எங்கே என்ற கேள்விக்கு: லத்தீனில் முறையான வீடு ‘தோமுஸ்’. காசா ஏழையின் குடிசை. தங்குமிடம் ‘மான்சியோ’. வடக்கே மான்சியோ வென்று மெஸோன் ஆனது. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகலில் காசா வென்று இன்றும் வீடாகவே நிற்கிறது. பிரெஞ்சில் காசா பெயராகத் தோற்றது, பெயருக்கு முன்னால் நின்று உருபின் வேலை செய்யும் முன்னிடைச்சொல்லாகப் பிழைத்தது.

ஊர்ப்பெயர்களில் பெயராகவே ஒளிந்திருப்பதும் உண்டு. ஓவேர்ன் மலைப்பகுதியில் ‘லா ஷேஸ்-தியே’ என்ற ஊர் இருக்கிறது. 1043இல் தொடங்கிய பெனடிக்டின் மடத்தின் ஊர்; போப் ஆறாம் கிளெமெண்டின் கல்லறை அங்கேதான். இன்றைய பிரெஞ்சில் ‘ஷேஸ்’ என்றால் நாற்காலி என்பதால் கடவுளின் நாற்காலி என்று படிக்கத் தோன்றும். அது ‘காசா தேயி’, கடவுளின் வீடு. நாற்காலி ஷேஸ் ‘காதெத்ரா’ என்ற வேறு வேரிலிருந்து வந்தது. இரண்டும் ஒலியில் தற்செயலாக ஒன்றாயின.

சதுரங்கக் கட்டம், சிறு குடில் என்ற பொருளில் வரும் ‘காஸ்’ பின்னாளில் வந்தது. ககரம் மாறாமல் இருப்பதே அதற்கு அடையாளம். பரம்பரையாக வாயில் உருண்டு வந்த சொல் ஷகரத்தோடு வரும், ஏட்டிலிருந்தோ பக்கத்து மொழியிலிருந்தோ வந்தது ககரத்தோடு வரும். பெரும்பாலும் தப்பாது.

ஜனவரி 14

இனி இலக்கணம். வேர் தெரிந்தால் பிழைகள் ஏன் பிழைகள் என்று தானே புரியும்.

‘ஷே மா மெஸோன்’ என்று எழுதுவது தமிழ் மாணவர் தாள்களில் திரும்பத் திரும்ப வருவது. என் வீட்டில் என்று நினைத்துச் சொல்லுக்குச் சொல் வைத்த விளைவு. ஷேவுக்குள் வீடு ஏற்கெனவே இருக்கிறது. மறுபடி மெஸோன் வைத்தால் ‘என் வீட்டின் வீட்டில்’ ஆகிவிடும். ‘ஷே’வுக்குப் பின் வருவது வீட்டின் சொந்தக்காரர், வீடு அன்று. இதே காரணத்தால் ‘ஷே பாரி’யும் தவறு: பாரிஸ் நகரம் யாருமல்ல. ‘ஷே லா பூலான்ஜ்ரி’யும் தவறு: பூலான்ஜ்ரி என்றால் ரொட்டிக்கடை. ரொட்டிக்காரரைச் சொன்னால் ‘ஷே லு பூலான்ஜே’, கடையைச் சொன்னால் ‘ஆ லா பூலான்ஜ்ரி’. மருந்துக்கடை, இறைச்சிக்கடை எல்லாவற்றுக்கும் இந்தச் சோடி பொருந்தும்.

‘ஆ ஷே முவா’ என்பது அடுத்த பிழை. ‘ஷே’ முதலில் ‘இன் காசா’; ‘இல்’ என்ற பொருள் உள்ளேயே அடங்கிவிட்டது. பழைய பிரெஞ்சில் ‘என் சியெஸ்’ என்று முன்சொல்லோடும் எழுதியிருக்கிறார்கள். பிறகு அந்த முன்சொல் உதிர்ந்தது. இன்று திரும்பப் போட வழியில்லை.

ஆனால் ‘து ஷே’ சரி. அவர் வீட்டிலிருந்து வருகிறேன் என்பதற்கு ‘ஜு வியேன் து ஷே லுயி’. ‘பார் ஷே நூ’ என்றால் எங்கள் பக்கத்தில், எங்கள் ஊர்ப்பகுதியில். ‘ஜுஸ்க் ஷே எல்’ என்றால் அவள் வீடு வரை. ‘ப்ரே து ஷே முவா’ என்றால் என் வீட்டருகே. புரூஸ்தின் 1913 நாவலின் தலைப்பு ‘துயு கோத்தே து ஷே ஸ்வான்’. ஸ்வான் வீட்டுப் பக்கமாக என்று பொருள். ஒரு முன்னிடைச்சொல் தன் தலைமேல் இன்னொன்றை இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்வது பிரெஞ்சில் அரிது. உள்ளே இருக்கும் வீடு இன்னும் பெயர்ச்சொல்லின் வேலையைப் பார்ப்பதால்தான் அது முடிகிறது.

சுட்டுச் சொல்லாக மாற்றும்போது: ‘ஷே லு மெத்சேன்’ (மருத்துவரிடம்) முழுவதற்கும் ‘இ’ (y) போதும், ‘து ஷே லு மெத்சேன்’ முழுவதற்கும் ‘ஆன்’ (en) போதும். ‘நான் எவர் வீட்டில் தங்கியிருக்கிறேனோ அந்த நண்பர்’ என்ற தொடருக்கு ‘ஷே கி’. மனிதரல்லாத உயிரினமானால் ‘ஷே லெகெல்’.

பின்னால் வரும் சுட்டுப்பெயர் அழுத்த வடிவமாகவே இருக்கும்: முவா, துவா, லுயி, எல், நூ, வூ. ‘ஷே ஜு’, ‘ஷே இல்’ கிடையவே கிடையாது.

ஜனவரி 15

‘இடம்’ பற்றிச் சொல்கிறேன் என்றேன்.

பேச்சுத் தமிழின் ‘கிட்ட’வை எடுத்துக்கொள்ளுங்கள், ‘இடம்’ ஏட்டுத்தமிழ் என்பதால் சோதனைக்குக் கிட்டதான் வசதி. ‘டாக்டர்கிட்ட போனேன்’. ‘டாக்டர்கிட்ட சொன்னேன்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே உருபு. பிரெஞ்சு இவற்றைப் பிரிக்கிறது. போவது, வருவது, இருப்பது, தங்குவது, வேலை பார்ப்பது, வாங்குவது ஆகியவற்றுக்கு ஷே: ‘ஷே லு மெத்சேன்’. சொல்வது, கேட்பது, கொடுப்பது, எழுதுவது ஆகியவற்றுக்கு ‘ஆ’: ‘ஓ மெத்சேன்’ (‘ஆ’வும் ‘லு’வும் சேர்ந்தால் ‘ஓ’). முதல் வகையில் அந்த ஆள் ஓர் இடமாக நிற்கிறார். இரண்டாம் வகையில் பேச்சையோ பொருளையோ பெற்றுக்கொள்பவர்.

‘ஆலே ஓ குவாஃபர்’ என்று பிரெஞ்சுக்காரர்களே பேச்சில் சொல்வது காதில் விழும். தேர்விலும் எழுத்திலும் அதைத் தவறென்றே கொள்வார்கள். ‘ஆலே ஷே லு குவாஃபர்’ என்றே பழகுங்கள்.

‘கிட்ட’வின் மூன்றாவது வேலை உடைமை: ‘அவன்கிட்ட பணம் இருக்கு’. இங்கே ஷேவைத் தொடவே கூடாது. ‘அவனுக்கு உண்டு’ என்பதற்கு ‘இல் ஆ’. சட்டைப்பையில் இப்போது வைத்திருக்கிறான் என்றால் ‘சுயுர் லுயி’, அவன் மேல். ‘ஷே லுயி’ என்று சொன்னால் பணம் அவன் வீட்டில் இருக்கிறது, கையில் இல்லை என்றாகிவிடும். கேட்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்.

நான்காவது, குணம். ‘அவளிடம் எனக்குப் பிடித்தது நிதானம்.’ இதற்கு ஷே கச்சிதமாகப் பொருந்தும்: ‘ஸ் கெ ஜேம் ஷே எல்’. இங்கே வீடு என்பது அவளே.

ஆக நான்கில் இரண்டுக்கு ஷே வரும், இரண்டுக்கு வராது. ‘இடம்’ மட்டும் போதும் என்ற கட்சி தோற்பது இந்தக் கணக்கில்தான். ஒன்றில் மட்டும் அது வெல்கிறது: திசை. வீட்டில், வீட்டுக்கு என்று தமிழ் உருபை மாற்றும். ‘அவனிடம் இருக்கிறேன்’, ‘அவனிடம் போகிறேன்’ என்று இடம் மாறாது. ஷேவும் மாறாது. இருப்பதற்கும் போவதற்கும் அதே சொல், வினைதான் வேறு.

ஜனவரி 15, உச்சரிப்பு

ஷேவுக்குப் பின் உயிரில் தொடங்கும் சுட்டுப்பெயரோ ‘அன்’, ‘யுன்’ போன்ற சொல்லோ வந்தால், ஊமையாக இருந்த ஈறு விழித்துக்கொள்ளும்: ‘ஷே-ஸெல்’, ‘ஷே-ஸன் நாமி’. இந்த ஸகரம் வண்டு முரல்வது போல அதிர வேண்டும். தமிழ் ஸகரமாக ஊதினால் வேறு ஒலி. ஆட்பெயருக்கு முன்னால் பெரும்பாலும் இணைக்க மாட்டார்கள்: அலேன் வீட்டில் என்பது ‘ஷே அலேன்’, இடையில் சிறு வெட்டு.

ஜனவரி 18

நிறுவனங்கள் பற்றிக் கேள்வி. ‘ஷே ரெனோ’ சரியா?

சரி. ரெனோ, பெஜோ, மிஷ்லேன் எல்லாம் ஆட்களின் பெயர்கள். லூயி ரெனோவின் பட்டறையில் வேலை பார்ப்பவன் ‘ஷே ரெனோ’ என்றுதான் சொல்லியிருப்பான். கண்டிப்பான இலக்கணக்காரர்கள் அங்கேயே நிறுத்தச் சொல்வார்கள்: ஆள்பெயர் இல்லாத நிறுவனத்துக்கு ‘ஆ’. நடைமுறை அதைத் தாண்டிவிட்டது. ‘ஷே ஏர்பஸ்’, ‘ஷே கூகுள்’ என்பதை வேலை தேடும் விண்ணப்பங்களிலேயே பார்க்கலாம்.

கைக்கு உதவும் விதி இது. பெயருக்கு முன்னால் ‘லு’, ‘லா’ இருந்தால் ‘ஆ’ வரும்: தபால்துறைக்கு ‘ஆ லா போஸ்த்’, ரயில்வேக்கு ‘ஆ லா எஸ்.என்.சே.எஃப்.’, லு மோந்த் நாளிதழுக்கு ‘ஓ மோந்த்’. முன்னால் எதுவும் இல்லாத வெறும் பெயரானால் ஷே வைக்கலாம். பேரங்காடிகளுக்கு ‘ஷே கார்ஃபூர்’ என்றும் ‘ஆ கார்ஃபூர்’ என்றும் இரண்டும் கேட்கும். கார்ஃபூர் என்றால் நாற்சந்தி, ஆளில்லை, அதனால் எழுத்தில் ‘ஆ’ பாதுகாப்பு.

உணவகப் பெயர்ப்பலகைகளில் வரும் ஷே இந்தக் கணக்கில் சேராது. அது பழைய பொருளேதான்: இன்னாருடைய வீடு, வாருங்கள். ஷாரான்த், லிமூசேன், மேல் சவோய் பகுதிகளில் குக்கிராமங்களுக்கே இப்படிப் பெயர்: முன்னால் ஷே, பின்னால் அந்த இடத்தில் முதலில் குடியிருந்த குடும்பத்தின் பெயர். முன்னிடைச்சொல்லில் தொடங்கும் ஊர்ப்பெயரை வரைபடத்தில் பார்த்து அச்சுப்பிழை என்று எண்ணிவிட வேண்டாம்.

ஜனவரி 19

மொலியேர், பூனை: கேள்வியின் மிச்சம் இது.

வீட்டிலிருந்து நாட்டுக்கு: ‘ஷே லெ ரொமேன்’, ரோமானியரிடையே. ரோமானியரின் வீடு என்பது அவர்கள் நிலம், அவர்கள் வழக்கம். நாட்டுப்பெயரைச் சொன்னால் ஷே வராது. இங்கிலாந்தில் என்பது ‘ஆன் ஆங்லெத்தேர்’, ஆங்கிலேயரிடையே என்பது ‘ஷே லெ-ஸாங்லே’.

எழுத்தாளருக்கு: ‘ஷே மொலியேர்’ என்பது அவர் எழுத்து முழுவதையும் அவர் குடியிருக்கும் வீடாகப் பார்ப்பது. ஒரு குறிப்பிட்ட நாடகத்தைச் சொல்லும்போது ‘உள்ளே’ என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் ‘தான்’ (dans) என்று மாற்ற வேண்டும், ஏனென்றால் நாடகம் ஆள் அல்ல. கட்டுரைத் தேர்வில் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் மதிப்பெண் போகும்.

உயிரினத்துக்கு: ‘ஷே லெ மாமிஃபேர்’, பாலூட்டிகளில். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பிரெஞ்சுத் தாளைப் பிரித்துப் பாருங்கள். குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு என்று எச்சரிக்கும் வரிகள் பலவும் ஷேவில் தொடங்கும். அங்கே ‘குழந்தை வீட்டில்’ என்று மொழிபெயர்த்தால் விபரீதம். ‘குழந்தைகளில்’ என்று தமிழ் மருத்துவ நூல்கள் எழுதும் அதே ‘இல்’தான் அது. செடிகொடிகளுக்கும் உயிரியல் நூல்களில் ஷே வருகிறது. உயிருள்ளது என்ற எல்லைவரை சொல் நீண்டிருக்கிறது. மேசை நாற்காலிக்கு இதுவரை நீளவில்லை.

ஜனவரி 23

வீட்டை உருபாக்கியது பிரெஞ்சு மட்டும்தானா என்று கேட்டவருக்கு: இல்லை, இதுதான் இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன் மூன்றிலும் ‘hos’ என்று எழுதும் சொல் ஒன்று ஷேவின் வேலையைச் செய்கிறது. அதன் வேர் வீடு என்ற ‘ஹூஸ்’ என்பதே. லத்தீனோடு ஒட்டில்லாமல் தனியாக நடந்த மாற்றம். கட்டலான் மொழியில் காசா தேய்ந்து ‘கா’: மருத்துவரிடம் என்பது ‘அ கால் மெட்ஜே’. ஹைத்திக் கிரியோலில் ‘காய்’ என்றால் வீடு, ‘காய் தோக்தே’ என்றால் டாக்டரிடம். பிரெஞ்சிலிருந்து பிறந்த மொழி, ஷேவை விட்டுவிட்டு அந்தப் பாதையைப் புதிதாக நடந்திருக்கிறது.

மொரீசியசில் வேறு பாதை. அங்கே கிரியோலில் ‘கோத் முவா’ என்றால் என்னிடம், என் வீட்டில். பக்கம் என்ற ‘கோத்தே’தான் வேர். லத்தீனில் பக்கம் என்ற ‘லாதுஸ்’ இப்படித்தான் பிரெஞ்சில் ‘லே’ ஆகி, வில்நவ்-லே-ஆவிஞோன் போன்ற ஊர்ப்பெயர்களில் ‘அருகே’ என்று நிற்கிறது.

தமிழுக்கு வந்தால் வீடும் பக்கமும் இரண்டுமே கிடைக்கின்றன. ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியம் தரும் பட்டியலில் கண், கால், புறம், அகம், உள், உழை, இடம் எல்லாம் வருகின்றன. அகம் உள்ளிடமும் வீடும். ‘எங்காத்துல’ என்று சில வீடுகளில் இன்றும் சொல்வது ‘எங்கள் அகத்தில்’, அப்படியே ஒரு ‘ஷே நூ’. உழை என்பது பக்கம். நன்னூல் தன் ஏழாம் வேற்றுமைப் பட்டியலில் ‘இல்’லையும் சேர்க்கிறது. இல் என்றால் வீடு: இல்லறம், இல்லத்தரசி. உருபு ‘இல்’லும் வீடு ‘இல்’லும் ஒன்றே என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. நமக்கு வீடு உயிரற்றவற்றோடு சேர்ந்தது, மரத்தில், பெட்டியில் என்று. ஆட்களுக்கு ‘இடம்’ வந்தது. பிரெஞ்சில் நேர்மாறு, வீடு ஆட்களோடு ஒட்டிக்கொண்டது.

ஜனவரி 24

‘லத்தீனில் இதற்கு ஆபுத் இருந்ததே’ என்ற குறிப்பு சரியானது. ‘ஆபுத் கிக்கெரோனெம்’ என்றால் சிசரோவிடம், சிசரோவின் நூலில். ஷேவின் பொருள்கள் பலவும் அதில் இருந்தன. அந்தச் சொல் பழைய பிரெஞ்சில் ‘ஓத்’ ஆகி ‘உடன்’ என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. இன்றைய ‘அவெக்’கிலும் அதைக் காண்கிறார்கள். காலியான நாற்காலியில் காசா உட்கார்ந்தது. இத்தாலியன் அதே இடத்துக்கு ‘தா’வை வைத்தது, தென் அமெரிக்க ஸ்பானியப் பேச்சு பல இடங்களில் எங்கே என்ற ‘தோந்தே’யை வைத்தது.

பிப்ரவரி 2

‘ஆ லா மெஸோன்’, ‘ஷே முவா’ இரண்டும் ஒன்றா? எப்போதும் அல்ல. ‘வியேன் ஆ லா மெஸோன்’ என்றால் நம் வீட்டுக்கு வா, பேசுபவரின் வீடு. ‘இல் எ(த்) ஆ லா மெஸோன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அவர் தன் வீட்டிலும் இருக்கலாம், சொல்பவர் வீட்டிலும் இருக்கலாம். ‘ஷே முவா’வில் அந்தச் சந்தேகம் இல்லை.

கியூபெக்கில் தனியாக வசிப்பவர்கூட தன் வீட்டை ‘ஷே நூ’ என்பார். பாரிஸ்காரர் அதைக் கேட்டு வீட்டில் வேறு யார் இருக்கிறார் என்று யோசிப்பார். ஒற்றை ஆளாக இருந்தும் ‘எங்க வீடு’ என்று சொல்லும் தமிழருக்கு விளக்கம் தேவைப்படாது.

கோடு போட்டு எழுதினால் ஷே முழுப் பெயர்ச்சொல்: ‘அன் ஷே-சுவா’, தனக்கென்று ஒரு வீடு. இன்னொரு பேச்சுவழக்கு ‘நுயுல் து ஷே நுயுல்’: மட்டத்திலும் மட்டம். கைப்பை இன்ன நிறுவனத்தினுடையது என்பதற்கு ‘து ஷே’ போடும் பழக்கத்திலிருந்து எழுந்த அழுத்தம். நண்பர்களிடம் சொல்லலாம், மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம்.

பிப்ரவரி 3

நேற்றைய ‘ஷே-சுவா’வை வைத்து, ‘ஷே லுயி’க்குப் பதில் எப்போது ‘ஷே சுவா’ என்று கேட்டிருக்கிறார்கள். எழுவாய் ‘ஓன்’, ‘ஷாகன்’ போலப் பொதுவானதாக இருந்தால் சுவா: ‘ஷாகன் ஷே சுவா’, அவரவர் வீட்டில் அவரவர். குறிப்பிட்ட ஆளானால் லுயி, எல். இதில் ஒரு சிக்கல்: ‘போல் (Paul) ரெனேயை ஷே லுயி அழைத்துப்போனான்’ என்றால் யார் வீட்டுக்கு? இலக்கணம் இரண்டையும் அனுமதிக்கும். தெளிவு வேண்டுமானால் ‘ஷே ரெனே’ என்று பெயரையே போட்டுவிடுங்கள்.